தாழை குதிக்கவில்லை: கடைசிப் பாகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கதைத் தொடரின் நான்காவதும் கடைசியுமான பாகம் வந்து எட்டு மாதமாகிறது. மீன் வாங்கப் போனால் மீன்காரர் கேட்கிறார். கலியாண வீட்டுப் பந்தியில் பருப்பு விடுகிற பிள்ளை கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்: "ரீச்சர், ஏன் அப்பிடி முடிச்சனீங்கள்?" நின்று நின்று பதில் சொல்லி என் சோறு ஆறிப்போகிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். இன்னும் படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், முடிவை நான் மறைக்கப்போவதில்லை.

கதை தெரியாமல் வந்தவர்களுக்கு ஒரு வாய்: கோணைத்துறை என்றொரு ஊர். மரப்பெட்டிக்குள் வைத்து யாரோ கடலில் விட்ட பெண் குழந்தை அங்கே கரையொதுங்குகிறது. அவள்தான் தாழை. குடாவைக் கடக்கும் பாதையில், அதாவது ஆளேற்றும் மிதவையில், கயிறிழுக்கிறவன் மருதன். கோட்டை வாசலில் ஓர் உடைந்த கல். அதில் "கடல் தந்த பெண் கட" என்பதோடு எழுத்து முறிகிறது. மீதியை ஊர் வாயால் முடித்து வைத்திருக்கிறது: "கடலுக்கு, அவளைத் தொட்டவன் கல்லுக்கு." அறுபது வருடத்துக்கு ஒருமுறை, பிரபவ வருடம் பிறக்கிற இரவில் கடல் ஏறும். கடல் தந்த பெண் மலையிலிருந்து குதித்தால்தான் இறங்கும். முதல் மூன்று பாகங்களில் இருவரும் ஓடுகிறார்கள். நான்காவதில் ஓட இடமில்லை.

தாழை கடைசியில் குதித்தாளா, இல்லையா?

குதிக்கவில்லை. குதித்தாள் என்று உங்கள் புத்தகத்தில் இருந்தால், கீழே பக்கம் காணாமல் போன கேள்விக்குப் போங்கள்.

குதித்திருந்தால் அல்லவா காவியம்? பயந்துவிட்டீர்களா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு மலையும் குதித்த பெண்ணும் புதிதல்ல. கோணேசர் கோயில் நிற்கிற பாறையில் இராவணன் வெட்டு இருக்கிறது. தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்க்கப் பார்த்தவன் வாளால் போட்ட பிளவு என்பார்கள். அதே பாறையின் விளிம்பில், இடிந்த கோயிலின் பழைய தூண் ஒன்று நிற்கிறது. அதில் ஒல்லாந்த மொழியில் ஒரு பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் வெட்டியிருக்கின்றன. பிரான்சினா வான் றீட். ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் மகள். காதலன் கப்பலேறிப் போக, அந்தக் கப்பல் கண்ணில் மறைவதைப் பார்த்துக்கொண்டே குதித்தாள் என்பது கதை. ஆங்கிலேயர் அந்த இடத்துக்குக் காதலர் பாய்ச்சல் என்றே பெயர் வைத்தார்கள்.

எனக்கு அந்தக் கதையைச் சொன்னது அம்மம்மா. ஒரு வெள்ளிக்கிழமை, அர்ச்சனைத் தட்டை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு. விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். தண்ணீர் கறுப்பு நீலம், பாறையடியில் மட்டும் வெள்ளை. "பாவம் அந்தப் பிள்ளை" என்று அம்மம்மா கையெடுத்துக் கும்பிட்டா. நானும் கும்பிட்டேன். பல வருடம் அவளை ஒரு சின்னத் தெய்வம் போலவே நினைத்திருந்தேன்.

பிறகுதான் தெரிந்தது, ஒல்லாந்தர் காலப் பதிவுகளைப் பார்த்தவர்கள் வேறு கதை எழுதியிருக்கிறார்கள் என்பது. அவள் குதித்து இறக்கவில்லையாம். தூணில் இருக்கும் ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்து கலியாணமும் செய்திருக்கிறாளாம். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். யார்மீது என்று சொல்லத் தெரியாத கோபம். வீட்டில் அடுப்பு மூட்டி, பிள்ளைக்குச் சளி பிடித்தால் தைலம் தேய்த்து, வெயிலைத் திட்டிக்கொண்டு எங்கேயோ வாழ்ந்திருக்கக்கூடிய ஒருத்தியை ஊர் மூன்று நூற்றாண்டாகப் பாறையிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தூணுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறை தள்ளுகிறார்கள். நானும் தள்ளியிருக்கிறேன், கும்பிட்டுக்கொண்டே.

நான்கு பாகத் தொடரை நான் எழுதத் தொடங்கியது அந்தக் கோபத்தில்தான். முடிவு முதலில் வந்தது. கதை பிறகு வந்தது.

கோட்டை வாசல் கல் உண்மையில் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் கதையில் வருகிற வாசகம் அதில் இல்லை.

போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்று பிரட்றிக் கோட்டை என்கிறோமே, அதுதான். அதன் வாசலில் பதிந்த கல்லொன்றில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன, மீன் சின்னமும் இருக்கிறது. குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான், அவனுக்குப் பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் ஆள்வார்கள் என்று நாட்டின் விதியைச் சொல்லும் வெண்பா அது என்பார்கள். பூனைக்கண் யார், புகைக்கண் யார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. தேநீர்க் கடையில் கேட்டுப் பாருங்கள், ஒரு பின்னேரம் போய்விடும்.

என்னை மடக்கிய விடயம் வேறு. அந்தக் கல் முழுக்கல் அல்ல, உடைந்தது. எழுத்துகள் அரைகுறையாகத்தான் தெரிகின்றன. நாம் மனப்பாடமாகச் சொல்கிற வெண்பாவில் பெரும் பங்கு கல்லில் இப்போது இல்லை. வாய்வழியாகவும் ஏட்டு வழியாகவும் வந்ததைக் கொண்டுதான் இடைவெளிகளை நிரப்பியிருக்கிறார்கள். நிரப்பியது பிழை என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்லும் படிப்பு எனக்கில்லை. ஆனால் கதை எழுதுகிறவளுக்கு அது போதும். ஒரு நாட்டின் தலையெழுத்து என்று சொல்லப்படுவதில் பாதி கல்லில் இருக்கிறது, மீதி வாயில் இருக்கிறது. வாயில் இருக்கிற பாதி பிழைத்துப்போனால்?

'பெண்' எப்படிப் 'பொன்' ஆனது? எனக்கு அந்த அதிகாரம் விளங்கவே இல்லை.

விளங்காதவர்கள் நிறையப் பேர், குற்றம் என்னுடையது. கல்வெட்டு எழுத்தைப் பற்றி ஒரு பத்தி அதிகம் எழுதியிருக்க வேண்டும்.

பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். 'பொன்' என்று வெட்ட வேண்டுமானால் கொம்பு, ப, கால், ன. அதில் அந்த ஒற்றைக் கால் மட்டும் காற்றிலும் உப்பிலும் தேய்ந்துபோனால் மிச்சம் 'பென'. அப்படியொரு சொல் இல்லை. படிக்கிறவன் என்ன செய்வான்? னகரத்துக்கு ஒரு சுழி போதாது, தேய்ந்திருக்கும் என்று தானே ஒரு சுழியைக் கூட்டிப் 'பெண்' என்று வாசிப்பான். ஒரு கால் குறைந்து ஒரு சுழி கூடியதில் அறுபது வருடத்துக்கு ஒரு பெண் செத்தாள்.

மருதனின் அப்பாச்சி துணி துவைக்கிற கல்லைத் திருப்பிப் போட்டபோது அதன் அடியில் மீதி வாசகம் இருக்கிறது: "ற்றுறைக்குக் கால், உடையார்க்கு முக்கால்." இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். "கடல் தந்த பொன் கடற்றுறைக்குக் கால், உடையார்க்கு முக்கால்." சாபமுமில்லை, தீர்க்கதரிசனமுமில்லை. உடைந்த கப்பலிலிருந்து கரையொதுங்கும் பொருளில் துறைக்கு எவ்வளவு, சொந்தக்காரனுக்கு எவ்வளவு என்ற வரி அறிவித்தல்.

இதை நான் ஆகாயத்திலிருந்து எடுக்கவில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த 12 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் சரிபாதி. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை காதலும் கண்ணீரும் ஒரு சுங்கக் கணக்கைப் பிழையாக வாசித்ததால் வந்தால் எப்படியிருக்கும் என்ற குரங்கு யோசனை அங்கேதான் பிறந்தது.

அப்படியானால் சாபம் பொய். பொய்யென்றால் கடல் ஏன் உண்மையாக ஏறியது?

மிகச் சரியான கேள்வி. இதைக் கேட்டவர்களில் ஒருத்தி பதினோராம் வகுப்புப் பிள்ளை. தபாலட்டையில், சிவப்புப் பேனையால் கேட்டிருந்தாள்.

முதல் பாகத்திலேயே ஒரு விதி சொல்லியிருக்கிறேன். அந்த உலகத்தில் ஒரு சொல்லை ஆயிரம் பேர் சொன்னால் அதற்கு உயிர் வரும். தாழையின் வளர்ப்புத் தாய் மீன் கருவாடாகும் நாளை வாயால் சொல்லி வெயிலை வரவழைப்பாளே, அதுவும் அந்த விதிதான். ஆகவே வாசகம் பிழை, ஆனால் சாபம் நிசம். ஊரே சொல்லிச் சொல்லிக் கடலுக்குப் பழக்கிவிட்டது. நாய்க்குச் சோறு வைக்கிற நேரம் வந்தால் அது வாசலுக்கு வராதா, அப்படி.

இதனால்தான் சரியான வாசகத்தைக் கண்டுபிடித்ததோடு கதை முடியவில்லை. முடிந்திருந்தால் அது துப்பறியும் கதை. கல்லைப் படித்துவிட்டோம் என்று இரண்டு பேரும் மகிழ்ந்துகொண்டிருக்கிற நேரம் தண்ணீர் கோட்டை வாசலின் மூன்றாம் படியில் நிற்கிறது. இனி ஊர் முழுவதும் சரியானதைச் சொல்ல வேண்டும், விடியுமுன். விதியோடு போராடுவது என்றால் என் கதையில் வாள் எடுப்பதல்ல. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, "மாமி, நீங்கள் சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிற ஒரு சொல்லை மாற்றிச் சொல்ல வேணும்" என்று கேட்பது. வாள் எடுப்பது இதைவிடச் சுகம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

மருதனின் கை ஏன் கல்லாக வேண்டும்? சும்மா சேர்த்துவைத்திருக்கலாமே!

நாலில் மூன்று பங்கு ஊர் சொன்னது. ஒரு பங்கு சொல்லவில்லை. சிலர் பயத்தில், சிலர் வீம்பில், சிலர் நித்திரையில். அந்தக் கால் பங்குக்குரியதைச் சாபம் எடுத்துக்கொண்டது. இரண்டு கை, இரண்டு கால், நாலில் ஒன்று. மூதூரிலிருந்து ஒரு வாசகர், "கால் பங்கு என்றால் காலை அல்லவா எடுத்திருக்க வேண்டும், கையை ஏன் எடுத்தீர்கள்?" என்று எழுதியிருந்தார். இந்தச் சிலேடை என் புத்திக்கு எட்டாமல் போனதே என்று இரண்டு நாள் மனம் புழுங்கினேன்.

கையை எடுத்ததற்குக் காரணம் கயிறு. மருதன் யார்? கயிறிழுக்கிறவன். முதல் பாகத்தில் தாழை அவனை முதன்முதலாகப் பார்க்கும்போது அவள் பார்ப்பது முகத்தையல்ல. தும்புக் கயிறு உரசி உரசிக் காய்த்துப்போன உள்ளங்கையை. அந்தக் கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு அவன் அடுத்த நடைக்குக் காத்திருக்கிறான். அந்தக் கைதான் போனது. கடைசி அதிகாரத்தில் எண்ணெய்ச் சிரட்டையை அவன் வலது கையால் எடுத்து நீட்ட, தாழை தன் கைகளில் பூசிக்கொள்கிறாள். அவளுடைய உள்ளங்கை இன்னும் மெது. முதல் இழுப்பிலேயே தோல் கிளம்புகிறது. அந்த இடத்தை நான் பதினொரு தடவை எழுதினேன். ஒன்பதாவது தடவையில் ஒரு முத்தம் இருந்தது, எடுத்துவிட்டேன்.

சும்மா சேர்த்து வைப்பது எனக்குச் சரிவராது. எங்கள் பக்கத்தில் ஒன்றுமே இழக்காமல் கரைசேர்ந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

'மருதன் பாதையில் ஏறினான், பாதை நகர்ந்தது' என்று வருகிறதே, பாதை எப்படி நகரும்? (தமிழ்நாட்டிலிருந்து பலர்)

கிழக்கு மாகாணத்தில் பாதை என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற தட்டையான மிதவை. பஸ்ஸே ஏறி நிற்கும். சில இடங்களில் கயிறோ கம்பியோ பிடித்து இழுத்துப்போவார்கள். கிண்ணியாவுக்கு நாங்கள் அப்படித்தான் போய்வந்தோம். 2009 இல் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர், திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம் என்றார்கள். இப்போது கண் மூடித் திறப்பதற்குள் அக்கரை. நல்லதுதான். ஆனால் பாதைக்குக் காத்திருந்த நேரத்தில் ஆன காதல்களைப் பாலம் ஈடுசெய்யாது.

தாழையும் மருதனும் குடாவின் இரண்டு கரையைச் சேர்ந்தவர்கள். எந்தக் கரை யார் என்று ஏன் சொல்லவில்லை?

திருகோணமலைக்காரர் யாரும் இதைக் கேட்கவில்லை.

தாழையின் கதை ஆடகசவுந்தரியின் கதைதானே?

பெட்டி அங்கிருந்து வந்தது. கலிங்கத்தில் பிறந்த குழந்தையை, இவளால் நாட்டுக்குக் கேடு என்று சோதிடர் சொன்னதால் பெட்டியில் வைத்துக் கடலில் விட்டார்கள். பெட்டி இந்தக் கரைக்கு வந்தது. குழந்தை வளர்ந்து உன்னாசகிரியில் ராணியானாள். கோணேசர் கோயிலையே இடித்துக் கடலில் தள்ளச் சொல்லி மந்திரியை அனுப்பினாள். கடைசியில் கோயில் கட்டிய குளக்கோட்டனையே மணந்தாள். கந்தளாய்க் குளம் அவர்கள் இருவர் காலத்து வேலை, பூதங்கள் மண் சுமந்தன என்பதும் அந்தக் கதையோடு வருகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, சோதிடருக்கு என்ன ஆனது என்று கதையில் யாருமே கேட்காதது. கேடு என்று சொன்ன பிள்ளையின் காலத்தில் ஒரு குளம். அந்தத் தண்ணீரில் இன்றைக்கும் நெல் விளைகிறது.

மூன்றாம் பாகத்தில் வருகிற ஏழு கிணறு கன்னியாதானே?

ஆம். கன்னியா வெந்நீரூற்று, பக்கம் பக்கமாக ஏழு, ஒவ்வொன்றும் ஒரு சூடு. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் வாளால் ஏழிடத்தில் குத்த வந்த நீர் என்பது கதை. இன்றைக்கும் இறந்தவர்களுக்குக் கடன் கழிக்க ஆட்கள் வருகிறார்கள். ஒரு வழக்கின்படி, தாய் இறந்துவிட்டாள் என்று மாறுவேடத்தில் வந்து சொன்னவர் விட்டுணு. அவர் சொல்லும்போது தாய் உயிரோடுதான் இருந்தாள். பொய்ச் செய்தி, ஆனால் தண்ணீர் மட்டும் உண்மையாகச் சுட்டது. மூன்றாம் பாகத்தில் தாழை உயிரோடு நிற்க, ஊர் அவளுக்கு ஏழு கிணற்றில் கடன் கழிக்கிற இடம் அங்கிருந்து வந்ததுதான்.

சித்திரை மாதத்தில் திருகோணமலைக் கடல் ஏறுமா? நீங்கள் இந்த ஊர்தானே?

ஏறாது, அதற்காகவே சித்திரை. இங்கே கடல் கொந்தளிப்பது கார்த்திகை, மார்கழி வாடையில். பங்குனி பிறந்தால் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி. நிலாவெளிக்குச் சுற்றுலாக்காரர் வருவதும், திமிங்கிலம் பார்க்கப் படகு போவதும் அந்த மாதங்களில்தான். வாடையில் கடல் ஏறினால் வள்ளத்தை மேலே இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். சித்திரையில், காற்றே இல்லாமல், சத்தமே இல்லாமல் ஏறினால்தான் முதுகு சில்லிடும்.

இன்னொன்று. கடலை நான் அலையாக எழுதவில்லை. 2004 டிசம்பர் 26 ஐப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு அலையை ஒரு மந்திரக் காட்சியாக எழுத என் கை ஒப்பவில்லை. அதனால் தண்ணீர் படிப்படியாக ஏறுகிறது. முதலில் மீன்வாடியின் வாசல், பிறகு கிணற்றுக்கட்டு, பிறகு கோட்டைப் படி. ஓட நேரம் இருக்கிறது. கதவு தட்ட நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைக் கதையிலாவது கொடுத்துப் பார்த்தேன்.

உங்களுக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லையா?

என் அக்காவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

பிள்ளை 1999 இல் பிறந்தவள். தரகர் சாதகத்தைக் கொண்டுபோய், "எட்டில் செவ்வாய்" என்று திருப்பிக் கொண்டுவந்தார். மூன்று இடம் தட்டிப்போனது. அவளுக்கோ ஏற்கெனவே ஒருவனில் விருப்பம். அவனுடைய தாயாரும் "எட்டில் செவ்வாய்" என்றுதான் தலையை ஆட்டினா. பிள்ளை ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அக்கா பழைய பெட்டியைக் கிண்டி, பிறந்தபோது எழுதித் தந்த துண்டை எடுத்தா. விடியப்புறம் 4.10. அதைப் பார்த்த வேறொரு சாத்திரியார் கேட்ட முதல் கேள்வி: "பழைய நேரமோ, புதிய நேரமோ?"

இளையவர்களுக்குத் தெரியாதிருக்கலாம். இந்த நாட்டில் 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. புலிகளின் பகுதியில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். ஒரே மாவட்டத்தில் ஒரு சோதனைச்சாவடி கடந்தால் அரை மணித்தியாலம் மாறும். அந்தப் பத்து வருடத்தில் கிழக்கில் பிறந்த பிள்ளைகள்தான் இப்போது கலியாண வயதில்.

துண்டிலிருந்தது புதிய நேரம். சாதகம் கணித்தவர் அதைப் பழைய நேரமாக எடுத்திருந்தார். அரை மணித்தியாலத்தைக் கழித்துப் பார்த்தால் இலக்கினம் ஒரு வீடு பின்னுக்குப் போனது, செவ்வாய் ஒன்பதில் போய் உட்கார்ந்தது. தோசமில்லை. ஆவணியில் கலியாணம். பந்தியில் பருப்பு விட்டுக்கொண்டே ஒரு பிள்ளை கேட்டாள் என்றேனே, அந்தக் கலியாணம்தான்.

அன்றைக்கு இரவு வீட்டுக்கு வந்து படுத்தேன், நித்திரை வரவில்லை. துண்டைத் தேடி எடுக்காத அக்காமார் எத்தனை பேர்?

என் புத்தகத்தில் 256 ஆம் பக்கத்துக்குப் பிறகு 273 வருகிறது. இதுவும் ஒரு உத்தியா?

இல்லவே இல்லை, அச்சகத்தின் வேலை. புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக அச்சடித்து மடிப்பார்கள், அதற்குப் பாரம் என்று பெயர். முதல் பதிப்பில் ஒரு கட்டுப் புத்தகங்களில் பதினேழாவது பாரத்தை விட்டுவிட்டு, பதினெட்டாவதை இரண்டு முறை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பதினாறு பக்கம் காணோம். கேட்டால், "வாசகர்கள் கவனிக்கமாட்டார்கள் ரீச்சர்" என்றார்கள். மாற்றித் தர இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். நான் இப்போது வேறிடத்தில் அச்சடிக்கிறேன். புத்தகத்தைக் கொண்டுவந்தால் முழுப் பிரதி தருவேன். கொண்டுவர முடியாதவர்கள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

காணாமல் போனது எந்தப் பதினாறு பக்கம் தெரியுமா? 256 இல் தாழை பாறை விளிம்பில் நிற்கிறாள், காலடியில் கல் உருள்கிறது. 273 இல் விடிந்துவிட்டது, மருதன் பாதையில் தனியாக உட்கார்ந்து கல்லான கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். (தாழை எண்ணெய் எடுக்கப் போயிருக்கிறாள், அது 274 இல் வரும்.) இந்தப் பிரதி கிடைத்தவர்கள் பாதிப்பேர் இடைவெளியைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். தாழை குதித்தாள், கடைசியில் கயிறிழுப்பது அவளுடைய ஆவி. ஒருவர் அந்த ஆவியின் தத்துவத்தைப் பற்றி எனக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதினார். நல்ல கடிதம். முழுப் பிரதியை அனுப்பிவைத்தேன். "எனக்கு என்னுடைய முடிவுதான் பிடித்திருக்கிறது" என்று பதில் வந்தது.

வெறுங்கையோடு வருகிற ஒரு பெண்ணைப் பாறை விளிம்பில் நிறுத்திவிட்டு ஒரு பாரத்தைத் தொலைத்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் நான்கு பாகம் எழுதினேன். அச்சகம் அதைப் பதினாறு பக்கத்தில் நிரூபித்துவிட்டது.

பள்ளிப் பிள்ளைகள் படிக்கலாமா?

படிக்கலாம். முத்தத்தை எடுத்துவிட்டேன் என்று சொன்னேனே.

ஐந்தாம் பாகம்?

இல்லை. அடுத்த பிரபவ வருடத்துக்கு தாழைக்கு எழுபத்தெட்டு வயதாகும். அவளை விடுங்கள்.

நாங்கள் இரண்டு பேர் அந்த இடங்களைப் பார்க்க வருகிறோம். எங்கே போக வேண்டும்?

காலையில் வாருங்கள், ஏழு மணிக்கு முன். வெயில் ஏறினால் மலையில் வெறுங்காலால் நிற்க முடியாது. கோட்டை வாசலில் அவசரப்படாமல் நின்று கல்லைப் பாருங்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கடந்து ஓட்டோவில் பறக்கிறார்கள். எழுத்துகள் சரிந்த வெளிச்சத்தில்தான் தெரியும். உள்ளே புள்ளிமான்கள் ரோட்டிலேயே படுத்திருக்கும், விலகாது, நீங்கள்தான் விலக வேண்டும். கோயிலில் கும்பிட்டுவிட்டு விளிம்புப் பக்கம் போனால் தூண். மறுபக்கம் இராவணன் வெட்டு. வேண்டுதலுக்கு மரத்தில் சின்னத் தொட்டில்கள் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கீழே பார்க்க விரும்பினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாருங்கள், காற்று பொல்லாதது.

திரும்பி வரும்போது கையில் தாள் எதையும் விரித்துக்கொண்டு நடக்காதீர்கள். மானுக்குத் தாள் என்றால் உயிர். போன மாதம் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை, வாசலடியில் குந்திக் கடைசி அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பின்னால் வந்த மான் கடைசித் தாளைக் கிழித்து மென்றுவிட்டது. அங்கிருந்தே எனக்குப் போன் எடுத்தாள், அழுவதா சிரிப்பதா என்று தெரியாத குரலில். "ரீச்சர், அதில என்ன இருந்தது?"

பெரிதாக ஒன்றுமில்லை பிள்ளை என்றேன். மருதன் கரையில் நின்றுகொண்டு, "கனக்குதா?" என்று கேட்கிறான். தாழை கயிற்றை விடவில்லை. "நீ ஏறு" என்கிறாள்.